ஆல்ப்ஸ் ஏரிகளைச் சுற்றிக் காரில் இரண்டு வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியூனிக்கில் கார் எடுத்து, ஆஸ்திரியா, இத்தாலி என்று சுற்றி, திரும்ப மியூனிக்கிலேயே காரைக் கொடுத்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. வந்த நாளிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆளுக்கு ஆள் வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். கட்டணங்கள் வருடா வருடம் மாறும். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனீர்கள்?

மியூனிக்கில் ஒரு ராத்திரி. அங்கிருந்து ஆஸ்திரியாவின் வொல்ஃப்காங் ஏரிக்கரையில் நான்கு ராத்திரி. சால்ஸ்பர்க், ஹால்ஸ்டாட் இரண்டையும் அங்கிருந்தே பார்த்தோம். பிறகு க்ரோஸ்க்ளாக்னர் மலைச்சாலை ஏறி இறங்கி, லியென்ஸ் வழியாக இத்தாலியில் டோலோமைட்ஸ் மலையடியில் இருக்கும் டோப்லாக்கில் இரண்டு ராத்திரி. அடுத்து போல்சானோவில் மதியம் இறங்கிப் பார்த்துவிட்டு, கார்டா ஏரியில் மூன்று ராத்திரி. ப்ரென்னர் கணவாய் வழியாக இன்ஸ்ப்ருக்கில் இரண்டு, கடைசியில் மியூனிக்கில் ஒன்று. மொத்தம் பதின்மூன்று ராத்திரி. அக்கம்பக்கம் சுற்றியதையும் சேர்த்தால் 1,200 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

பதினான்கு நாளில் 1,200 கிலோமீட்டர்தானா? இன்னும் நான்கு ஊர் சேர்க்கலாமே?

சேர்க்கலாம். வரைபடத்தில் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் தெரியும். வந்து பார்த்தால்தான் புரியும்: ஏரிக்கரைச் சாலை என்றால் மணிக்கு 40, 50 கிலோமீட்டர், மலைச்சாலையில் அதுவும் இல்லை. இரண்டு வளைவுக்கு ஒருமுறை யாராவது "நிறுத்து, நிறுத்து" என்பார்கள். நிறுத்தாவிட்டால் எதற்கு வந்தோம்?

இன்னொன்று. ஓட்டுகிறவருக்கு ஏரி தெரியாது, முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம்தான் தெரியும். ஏரியைப் பார்க்கப் படகில் ஏற வேண்டும். ஆகவே என் கணக்கு இது: ஒரு ஏரிக்கு மூன்று ராத்திரிக்குக் குறையாமல் தங்குங்கள், அதில் ஒரு நாளாவது கார் சாவியைத் தொடாதீர்கள். இடம் மாறும் நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். நாங்கள் முதலில் போட்ட திட்டத்தில் ஒன்பது ஊர் இருந்தது. அம்மாதான், "தினமும் பெட்டியைக் கட்டிப் பிரிக்கிறதுக்கா இவ்வளவு செலவு?" என்றார். நான்கை அடித்துவிட்டோம்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறையில் போகலாமா?

ஏப்ரல் வேண்டாம். உயரமான கணவாய்கள் பல மூடியிருக்கும். க்ரோஸ்க்ளாக்னர் சாலை வழக்கமாக மே முதல் வாரத்தில் திறந்து, நவம்பர் தொடக்கத்தில் மூடுகிறது. 2,757 மீட்டரில் இருக்கும் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் போன்றவை திறக்க மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும்.

நாங்கள் போனது மே பிற்பாதி. மலைச்சாலையின் இருபக்கமும் ஆளுயரத்துக்கு வெட்டிய பனிச்சுவர், கீழே ஏரிக்கரையில் பூ. அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் குறைகள் உண்டு. டோலோமைட்ஸின் கேபிள் கார்கள் பலவும் பனிச்சறுக்குக் காலம் முடிந்ததும் நின்று, ஜூனில்தான் மறுபடி ஓடும். சில விடுதிகளும் அப்படியே. ஏரித் தண்ணீரில் கால் வைத்தால் சுரீரென்று இருக்கும், குளிக்க நினைக்க வேண்டாம். அப்புறம், பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி, மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இரண்டு வாரப் பள்ளி விடுமுறை வரும். மே இறுதியிலோ ஜூனிலோ விழும். அந்த வாரத்தில் பாதி பவேரியா கார்டா ஏரியில்தான் இருக்கும். தேதியைப் பார்த்து அறை போடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், செப்டம்பர்.

விசா ஜெர்மனியிலா எடுக்க வேண்டும்? இறங்குவது மியூனிக்தானே?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இறங்கும் நாடு முக்கியமில்லை, அதிக நாள் தங்கும் நாடுதான் முக்கியம். எங்கள் திட்டத்தில் ஆஸ்திரியா ஆறு ராத்திரி, இத்தாலி ஐந்து, ஜெர்மனி இரண்டு. ஆகவே ஆஸ்திரிய விசா. நாட்கள் சமமாக வந்தால்தான் முதலில் நுழையும் நாடு. திட்டம் போடும்போதே ஒரு ராத்திரி கூடுதலாக எந்த நாட்டில் என்று முடிவு செய்துகொண்டால் குழப்பம் இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா ஒன்று கிடைத்தால் மூன்று நாட்டுக்கும் அதுவே போதும்.

நம் ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்குவது. ஓராண்டு செல்லும் சின்னப் புத்தகம். அது மட்டும் போதாது, அசல் லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்க வேண்டும். "இத்தனை நாளில் யாரும் கேட்கவே இல்லை" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கார் வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கிரெடிட் கார்டு. முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும், முன்பணத்தை முடக்கும் அளவுக்கு அதில் வரம்பும் இருக்க வேண்டும். மனைவி பெயரில் கார்டு, என் பெயரில் முன்பதிவு என்று போய் நின்று, கவுன்ட்டரில் முக்கால் மணி நேரம் அசடு வழிந்தேன். கடைசியில் முதன்மை ஓட்டுநராக மனைவி பெயரைப் போட்டு, என்னைக் காசு கட்டி இரண்டாவது ஓட்டுநர் ஆக்கினார்கள். வீட்டில் அந்தப் பட்டம் இன்னும் நிலைத்திருக்கிறது.

அடுத்து, எந்தெந்த நாட்டுக்குள் போகப்போகிறீர்கள் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். ஜெர்மனியில் எடுக்கும் விலையுயர்ந்த கார் வகைகள் சிலவற்றை இத்தாலிக்குள் கொண்டுபோக அனுமதிக்க மாட்டார்கள். ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் தனிக் கட்டணம், அதுவும் கணிசமாக. வட்டமாக வந்து எடுத்த இடத்திலேயே விடுவதுதான் லாபம். நாங்கள் மியூனிக்கிலேயே தொடங்கி முடித்ததும் அதனால்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் அதைக் குறிப்பிட்டே பதிவு செய்யுங்கள். கொஞ்சம் கூடுதல் காசுதான். ஆனால் வலது கையால் கியர் மாற்றப் பழகும் வேலை மிச்சம்.

பெரிய வண்டி ஆசை வேண்டாம். பெட்டிகள் டிக்கியில் அடங்கினால் போதும். கார்டா கரையில் ஊருக்குள் இருக்கும் சந்துகளில், பக்கவாட்டுக் கண்ணாடியை மடித்துக்கொண்டு போக வேண்டிய இடங்கள் உண்டு.

சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது கஷ்டமா?

முதல் அரை நாள் இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பர் ஓடும். எல்லோருக்கும் நடப்பதுதான். நேரான சாலையில் மூளை சீக்கிரம் பழகிவிடும். ஆபத்து வேறு இடத்தில்: காலையில் காலிச் சாலையில் வண்டி எடுக்கும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும் கை தன்னால் இடப்பக்கம் போகும். பக்கத்தில் இருப்பவர் அந்த இரண்டு சமயத்திலும் "ரைட், ரைட்" என்று நம் பஸ் கண்டக்டர் மாதிரி சொன்னால் போதும்.

விதிகளில் நமக்குப் புதிதான மூன்றை மட்டும் சொல்கிறேன். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதலிடம். சின்னத் தெருவிலிருந்து வந்தாலும் சரி. விரைவுச்சாலையில் வலப்பக்கமாக முந்தக் கூடாது. இடது தடம் முந்துவதற்கு மட்டும், முந்தியதும் வலதுக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவது, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் போக்குவரத்து நெரிசலில் வண்டிகள் ஊர ஆரம்பித்ததுமே இடது தடத்தில் இருப்பவர் இடது ஓரமும், மற்றவர்கள் வலது ஓரமும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்ஸ் போக வழி விட வேண்டும். சைரன் கேட்ட பிறகு அல்ல, அதற்கு முன்பே. முதல் தடவை எல்லோரும் ஒன்றுபோல ஒதுங்கியதைப் பார்த்து, ஏதோ பெரிய விபத்து என்று நாங்கள் பயந்துவிட்டோம்.

வேகம்: ஆஸ்திரியா, இத்தாலி விரைவுச்சாலைகளில் 130. இத்தாலியில் மழை பெய்தால் 110. இன்ஸ்ப்ருக்கை ஒட்டிய ஏ12 சாலையில் காற்று மாசைக் காரணம் காட்டி 100 போட்டிருப்பார்கள், கேமராவும் இருக்கும். ஜெர்மனியில் வரம்பில்லாத பகுதிகள் உண்டு என்பது உண்மைதான். அதற்காக வலது காலை அழுத்த வேண்டியதில்லை. இடது தடத்தில் 130ல் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த வண்டி, ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் பின்னால் நின்று விளக்கை அடித்தது.

டோல் எப்படி? விக்னெட் என்கிறார்களே, அது என்ன?

மூன்று நாட்டுக்கும் மூன்று முறை. ஜெர்மனியில் கார்களுக்கு டோல் இல்லை. இத்தாலியில் நம் ஊர் மாதிரி கேட் உண்டு: ஏறும்போது சீட்டு, இறங்கும்போது கட்டணம். மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் என்று மட்டும் போட்ட வழி நம் ஃபாஸ்டேக் மாதிரி, அதற்குள் போய்விடாதீர்கள்.

ஆஸ்திரியாவில் கேட் இல்லை. விரைவுச்சாலையில் ஏறுவதற்கு முன்பே விக்னெட் என்ற அனுமதியை நாள் கணக்கில் வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாள், பத்து நாள், இரண்டு மாதம், ஒரு வருடம் என்று கிடைக்கும். வண்டி எண்ணோடு இணைத்து டிஜிட்டலாகவும் வாங்கலாம். ஒரு நாள் விக்னெட் 2024ல்தான் வந்தது.

இந்தச் சுற்றில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. ஆஸ்திரியாவுக்குள் இரண்டாம் நாள் நுழைந்து பதின்மூன்றாம் நாள் வெளியேறுகிறோம். எனவே பத்து நாள் விக்னெட் போதாது, இரண்டு மாதத்துக்கானது வேண்டும் என்று தோன்றும். தேவையில்லை. ஜெர்மன் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் வடக்கு வரையிலான துண்டுக்கு 2019 டிசம்பரிலிருந்து விக்னெட் கிடையாது. அங்கிருந்து வொல்ஃப்காங் ஏரிக்குச் சாதாரணச் சாலைதான். ப்ரென்னரிலிருந்து இன்ஸ்ப்ருக் வரும் ஏ13க்குத் தனி டோல் உண்டு, அங்கேயும் விக்னெட் வேண்டாம். ஆக, சால்ஸ்பர்க்குக்குத் தெற்கே ஏ10 சாலையில் ஏறுகிற அன்றைக்கு ஒன்று, இன்ஸ்ப்ருக்கிலிருந்து கிளம்பும் அன்றைக்கு ஒன்று என்று இரண்டு ஒருநாள் விக்னெட்டே போதும். ஜி.பி.எஸ்.ஸில் டோல் சாலையைத் தவிர்க்கச் சொன்னால் முதல் ஒன்றுகூட வேண்டாம், நேரம்தான் கூடும்.

எடுக்கும் காருக்கு ஏற்கெனவே விக்னெட் இருக்கிறதா என்று வாடகைக் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சில சமயம் இருக்கும்.

இத்தாலியில் ஊருக்குள் போனாலே அபராதம் என்கிறார்களே?

ஊருக்குள் அல்ல, பழைய நகரத்துக்குள். இசட்.டி.எல். என்று பெயர், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. வெள்ளை வட்டத்தில் சிவப்புக் கரை போட்ட பலகை, மேலே கேமரா. யாரும் தடுக்க மாட்டார்கள், விசில் ஊத மாட்டார்கள். அந்த மௌனம்தான் ஆளைக் கவிழ்த்துவிடும். பலகையின் கீழ் மின்னெழுத்தில் "வார்கோ அத்தீவோ" என்று எரிந்தால், வழி திறந்திருக்கிறது என்று நம் மனம் அர்த்தம் செய்துகொள்ளும். உண்மையில் நேர்மாறு: கேமரா வேலை செய்கிறது, நுழையாதே.

எங்களுக்கு அது நடந்தது. ஜி.பி.எஸ். "இடப்பக்கம் திரும்பு" என்றது, திரும்பினேன். இருநூறு மீட்டரில் சுதாரித்து வெளியேறினேன். ஊர் திரும்பி ஐந்து மாதம் கழித்து, தீபாவளிக்குப் பட்சணம் செய்துகொண்டிருந்த நேரத்தில், கார்டிலிருந்து பணம் போனதாகச் செய்தி. அது அபராதம்கூட இல்லை. என் முகவரியை நகராட்சிக்குக் கொடுத்ததற்கான வாடகைக் கம்பெனியின் சேவைக் கட்டணம். அபராதம் தனியாகப் பின்னால் வந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. ஆகவே மூன்று மாதம் ஒன்றும் வரவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

பழைய நகரத்துக்குள் விடுதி போட்டிருந்தால், வண்டி எண்ணை அவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பல ஊர்களில் பதிந்துகொடுப்பார்கள். அதைவிட நல்லது, வெளியே நிறுத்திவிட்டு நடப்பது.

பார்க்கிங்?

இத்தாலியில் தரையில் வெள்ளைக் கோடு என்றால் இலவசம், நீலம் என்றால் காசு, மஞ்சள் என்றால் நமக்கில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சில இடங்களில் காசு வாங்காமல் நேர வரம்பு மட்டும் வைத்திருப்பார்கள். அங்கே வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடிக்குப் பின் வைக்க வேண்டும். வாடகை வண்டியின் முன்பெட்டியில் பெரும்பாலும் இருக்கும். சால்ஸ்பர்க்கில் மோன்க்ஸ்பெர்க் குன்றின் பாறையைக் குடைந்து கட்டிய கார் நிறுத்தம் இருக்கிறது. உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தால் பழைய நகரம். மொஸார்ட் பிறந்த வீடு இருக்கும் கெட்ரைடகாஸே கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

ஏன் வொல்ஃப்காங் ஏரி? எல்லோரும் ஹால்ஸ்டாட் என்கிறார்களே?

ஹால்ஸ்டாட்டைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மலைக்கும் ஏரிக்கும் இடையில் ஒரு விரல் அகல நிலம், அதில் ஒன்றன் தோளில் ஒன்று ஏறினாற்போல் வீடுகள். பழமையான உப்புச் சுரங்கம் அங்கே இருக்கிறது. ஐரோப்பாவின் இரும்புக் காலத் தொடக்கத்துக்கே அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊருக்குச் சில நாட்களில் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். ஊருக்குள் காரை விட மாட்டார்கள். வெளியே இருக்கும் நிறுத்தங்கள் கோடையில் காலை பத்துக்குள் நிரம்பிவிடும். நாங்கள் ஏழரைக்குப் போய்ப் பதினொன்றுக்குக் கிளம்பிவிட்டோம். பேருந்துகள் வரிசையாக எதிரே வந்துகொண்டிருந்தன.

சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. இடுகாட்டில் இடமில்லாததால், சில வருடம் கழித்து எலும்பைத் தோண்டி எடுத்து, மண்டையோட்டில் பெயரெழுதிப் பூமாலை வரைந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். வரைந்தவை மட்டுமே அறுநூறைத் தாண்டும். மகள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பச்சை இலை வரைந்தவை எத்தனை, ரோஜா வரைந்தவை எத்தனை என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். அம்மாதான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

தங்குவதற்கு வொல்ஃப்காங் ஏரி நிம்மதி. செய்ன்ட் கில்கன், செய்ன்ட் வொல்ஃப்காங், ஸ்ட்ரோபல் என்று கரையோர ஊர்களைப் படகுகள் இணைக்கின்றன. 1873லிருந்து ஓடும் துடுப்புச் சக்கரக் கப்பல் ஒன்றும் அதில் உண்டு. மொஸார்ட்டின் அம்மா பிறந்தது செய்ன்ட் கில்கனில். செய்ன்ட் வொல்ஃப்காங்கிலிருந்து ஷாஃப்பெர்க் மலை உச்சிக்கு 1893லிருந்து பல்சக்கர ரயில் ஓடுகிறது. உச்சியில் நின்றால் சுற்றிலும் ஏரிகளாகத் தெரியும். அன்று முழுக்க கார் விடுதி வாசலிலேயே நின்றது.

மியூனிக்கிலிருந்து வரும் வழியில் கோனிக்ஸேவுக்கு ஒதுங்குங்கள். 1909லிருந்து அந்த ஏரியில் மின்படகுதான். செங்குத்தான பாறைச்சுவர் முன்னால் படகோட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு ட்ரம்பெட் எடுத்து நாலு சுரம் ஊதுவார். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு பாறை அதே நாலு சுரத்தைத் திருப்பி ஊதும். அப்புறம் தொப்பியை நீட்டுவார், சில்லறை வைத்திருங்கள்.

க்ரோஸ்க்ளாக்னர் சாலை ஓட்ட பயமாக இருக்குமா?

48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் எழுபதை ஏறியவருக்கு இது ஒரு பொருட்டில்லை. சாலை இரண்டு பேருந்து தாராளமாக ஒதுங்கும் அகலம். ஃப்ரான்ஸ் வாலக் என்ற பொறியாளர் திட்டமிட்டுக் கட்டி 1935ல் திறந்தது. சரக்குக் கொண்டுபோக அல்ல, பார்க்கவே போட்ட சாலை. அதனால் நிறுத்திப் பார்க்க இடங்களும் நிறைய. கட்டணம் காருக்கு 40 யூரோவுக்கு மேல். ஒரு நாள் முழுக்கச் செல்லும் என்பதால் காலையிலேயே ஏறுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் மூடினால் காசு போச்சு.

ஏறுவதில் சிரமம் இல்லை, இறங்குவதில்தான் கவனம். பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் சூடேறிப் புகை வரும். இரண்டாம் கியரில் போட்டு இன்ஜினே பிடித்து இறக்கட்டும். ஆட்டோமேட்டிக்கிலும் கையால் கியர் குறைக்கும் வசதி இருக்கும். முந்தின நாளே எங்கே என்று பார்த்துவையுங்கள்.

எடல்வைஸ்பிட்ஸே என்ற கிளைப் பாதை மட்டும் குறுகல், கல் பாவியது. 2,571 மீட்டர் வரை போகும். அங்கிருந்து மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் முப்பதுக்கு மேல் தெரியும். மற்றொரு கிளை, ஃப்ரான்ஸ் யோசஃப் பேரரசர் பெயர் கொண்ட மேட்டுக்கு. எதிரே 3,798 மீட்டர் க்ரோஸ்க்ளாக்னர், கீழே பாஸ்டெர்ஸே பனியாறு. பனியாறு இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் தேங்கி ஒரு ஏரியே ஆகிவிட்டது. பனி வெகு தூரம் பின்வாங்கிவிட்டது. பழைய படங்களை அங்கேயே வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அம்மாவுக்கு அந்த உயரத்தில் லேசாக மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்ததும் சரியாகிவிட்டது. இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

டோப்லாக், டொப்பியாகோ: எது சரி?

இரண்டும் ஒரே ஊர். இந்த ஊர் இருக்கும் தெற்கு டிரோல் பகுதி முதல் உலகப் போருக்குப் பிறகுதான் இத்தாலிக்குப் போனது. இன்னும் பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன், பலகைகள் இரண்டு மொழியிலும். போல்சானோவும் போட்ஸனும் ஒன்று. ஜி.பி.எஸ்.ஸில் ஒரு பெயர் கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் போடுங்கள்.

டோப்லாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ரையஸ் ஏரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கோடை உச்சத்தில் பகலில், முன்பதிவு இல்லாமல் காரை அந்தப் பள்ளத்தாக்குக்குள் விடுவதில்லை. தெற்கு டிரோலில் பெரும்பாலான விடுதிகள் தங்குபவருக்கு இலவசப் பேருந்து, ரயில் அட்டை கொடுக்கின்றன. மே மாதத்தில் தடை இல்லாவிட்டாலும் நாங்கள் அந்த அட்டையை வைத்துப் பேருந்திலேயே போனோம்.

போல்சானோவில் 5,300 வருடம் பழைய மனிதர் ஓட்ஸி இருக்கிறார், 1991ல் பனியில் கண்டெடுத்த உடல். குளிரறையின் சின்ன ஜன்னல் வழியாக ஒருவர் பின் ஒருவராகப் பார்க்க வேண்டும்.

கார்டா ஏரியில் எந்தப் பக்கம் தங்குவது?

ஏரி வடக்கே மலைக்குள் ஒடுங்கியும் தெற்கே சமவெளியில் விரிந்தும் இருக்கும். மலை வேண்டுமென்றால் ரீவா அல்லது மால்சேசினே. கேளிக்கைப் பூங்கா, வெரோனா நகரம் வேண்டுமென்றால் தெற்கு. நாங்கள் மால்சேசினே. 1786ல் ஜெர்மன் கவிஞர் கதே அங்கே கோட்டையை வரைந்துகொண்டிருக்க, உளவாளி என்று ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்று அதே கோட்டையில் அவர் நினைவாக அறை வைத்திருக்கிறார்கள்.

மேற்குக் கரைச் சாலை சுரங்கம் சுரங்கமாகப் போகும். இருட்டு, வெளிச்சம், இருட்டு, ஒரு துண்டு நீலம். ஓட்டுகிறவருக்கு அலுப்பு. போகும்போது ஓட்டி, தொர்ரி தெல் பெனாகோவுக்கும் மதெர்னோவுக்கும் இடையே ஓடும் படகில் காரை ஏற்றித் திரும்பினோம். காலையில் வடக்கிலிருந்தும் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்தும் காற்று மாறி அடிக்கும். தெற்குக் காற்றுக்கு ஓரா என்று பெயர். அது கிளம்பியதும் ஏரி முழுக்கப் பாய்மரம்.

சுவிட்சர்லாந்தை ஏன் சேர்க்கவில்லை?

சேர்த்தால் இரண்டு பயணமும் கெடும். லூசெர்ன், இன்டர்லாக்கன், பெலின்சோனா, லுகானோ, கோமோ என்று அது தனியாகவே பத்து நாள் பிடிக்கும். சுவிஸ் விக்னெட் வருடத்துக்கு மட்டும்தான், 40 ஃப்ராங்க். ஒரு நாள் போனாலும் அதே காசு. ஆனால் 16.9 கிலோமீட்டர் கொத்தார்ட் சுரங்கத்துக்கு அதற்கு மேல் எதுவும் இல்லை. கோமோவில் கடெனாபியா, பெலாஜியோ, வரென்னா மூன்றையும் கார் படகு இணைக்கிறது. மேற்குக் கரைச் சாலையில் பேருந்து எதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டியிருக்கும்.

அந்தப் பயணத்தில் ஒரு வசதி: ஈழத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சுவிட்சர்லாந்தில் இருக்கிறார்கள். சூரிச், பெர்ன் பக்கம் தமிழ்க் கடைகளில் இடியாப்ப மாவு முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும்.

சைவ உணவுக்கு என்ன செய்தீர்கள்?

இத்தாலியில் கவலை இல்லை. ஆஸ்திரியாவில் முட்டை சாப்பிடுபவர் என்றால் கீரை உருண்டை, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்ட நோக்கன் என்ற மாவு உருண்டை, பிய்த்துப் போட்ட இனிப்பு அடை மாதிரி இருக்கும் கைசர்ஷ்மார்ன். சூப்பில்தான் ஏமாற்றம்: தோசைத் துண்டு மாதிரி மிதக்கும் ஃப்ரிட்டாட்டன் சூப் பார்க்கச் சைவமாக இருக்கும், அடிநீர் மாட்டெலும்பு வேகவைத்தது. கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

சமையலறை உள்ள வீடாக எடுத்தோம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி கொண்டுபோனோம். நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோகக் கூடாது. பால் பொருள், இறைச்சி எதையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். காயவைத்துப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனி, ஆஸ்திரியாவில் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை ஆறுக்குள் பால், தயிர் வாங்கிவிட வேண்டும்.

பெட்ரோல்?

நாமே போட்டுக்கொள்வதுதான். இத்தாலியில் பென்ஸினா என்றால் பெட்ரோல், கஸோலியோ என்றால் டீசல். அங்கே ஆள் வந்து போட்டால் லிட்டருக்குக் கூடுதல் விலை. "செல்ஃப்" என்று எழுதிய பக்கம் நிறுத்துங்கள். விரைவுச்சாலை பங்குகளைவிட ஊருக்குள் மலிவு.

குழந்தைக்கு சீட் கட்டாயமா?

ஆம். 150 சென்டிமீட்டர் உயரம் வரை வைத்துக்கொண்டால் எந்த நாட்டிலும் பிரச்சினை இல்லை.

கடைசி நாட்களில் கவனிக்க வேண்டியது?

கார்டாவிலிருந்து ப்ரென்னர் வழியாக வரும் நாள் சனிக்கிழமையாக இருக்க வேண்டாம். விடுதிகளில் ஆள் மாறும் நாள் அது. ஏ13ல் லூயெக் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதால் 2025லிருந்து பல நாட்கள் திசைக்கு ஒரே தடம்தான். நெரிசலைத் தவிர்க்கப் பக்கத்துச் சாலையில் இறங்கலாம் என்றால், கூட்டமான வார இறுதிகளில் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலப் போலீஸ் இறங்க விடுவதில்லை. நாங்கள் செவ்வாய்க்கிழமை வந்தோம், இரண்டரை மணி நேரத்தில் இன்ஸ்ப்ருக்.

காரைக் கொடுக்கும் முன் பக்கத்து பங்கில் டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளையும், மீட்டரையும் வீடியோ எடுங்கள். காரை வாங்கிய அன்றே எடுத்த வீடியோவும் இருந்தால் வாதமே வராது. இசட்.டி.எல். கதைக்காக அந்தக் கார்டை ஒரு வருடம் மூடாதீர்கள். அப்புறம் பின்கதவின் பக்கப் பையில் கையை விட்டுப் பாருங்கள். அம்மாவின் மூக்குக் கண்ணாடி இன்னும் மியூனிக்கில்தான் இருக்கிறது.